பல வருடமாகப் பரணில் கிடந்த பொருட்களை வைத்து மறுபடி கையால் வாழ்த்து அட்டை செய்ய முடியுமா?

கேட்டவரின் நிலைமை இதுதான்: கல்லூரியில் படிக்கும்போது ஆசை ஆசையாக வாங்கிய கலர் தாள், க்வில்லிங் பட்டை (சுருட்டி ஒட்டி உருவங்கள் செய்யும் மெல்லிய தாள் பட்டை), தாளில் வடிவங்களை வெட்டும் பன்ச், ஸ்டாம்ப் எல்லாம் ஒரு பெட்டியில் அப்படியே இருக்கின்றன. வருகிற பொங்கலுக்கு வாழ்த்து அட்டை செய்து தபாலில் அனுப்ப ஆசை. பழையதே போதுமா, எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமா?

பழையதே போதும். பசையை மட்டும் சோதித்துப் பார்த்து, கெட்டிருந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். நான் கும்பகோணத்துக்காரி என்பதால் நம் டெல்டா ஈரத்தை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வறண்ட ஊர்க்காரர்கள் எழுதும் யோசனைகள் பாதி நமக்குச் சரிப்படாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியைத் திறக்காதீர்கள். தாள் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து நெளிந்துகொள்ளும். மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்த பிறகு எடுத்து, நிழலில் ஃபேன் காற்றில் பரப்புங்கள். நேர் வெயில் வேண்டாம், கலர் தாள் வெளுத்துப்போகும். காய்ந்ததும் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கினால் பெரும்பாலான நெளிவு போய்விடும். மக்கல் வாடை இருந்தால் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவைப் போட்டுத் தாள்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்துப் பாருங்கள். கறுப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை படர்ந்த தாளுக்கு இந்த வைத்தியமெல்லாம் கிடையாது. மற்றவற்றோடு ஒட்டும் முன் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ராமபாணப் பூச்சி ஓரத்தை அரித்திருந்தால் கவலைப்பட வேண்டாம். அந்த ஓரத்தை வெட்டிவிட்டால் நடுப்பகுதி அட்டைக்குத் தாராளம். அதற்கு மாவுச்சத்தும் பசையும்தான் பிடிக்கும் என்பதால் வழுவழுப்பான தாள்களையும் பசை தடவிய ஸ்டிக்கர்களையும் முதலில் பாருங்கள். இனி வராமலிருக்க அந்துருண்டை போடாதீர்கள். அந்த வாடை தாளில் ஏறி, அட்டையைப் பிரிப்பவர் மூக்குவரை போகும். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்து, துணியில் முடிந்து சுவடிகளுக்கு நடுவே வைக்கும் வழக்கம் உண்டு. நமக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டு வசம்புத் துண்டை ஒரு துணியில் கட்டிப் பெட்டியில் போட்டால் போதும்.

அப்புறம் ஒரு விஷயம். வாங்கியதிலேயே அழகான தாளை ‘ஏதாவது விசேஷத்துக்கு’ என்று எல்லோரும் எடுத்து வைப்போம். வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் தாளுக்கு வயதாகிக்கொண்டேதான் இருக்கும். மரக்கூழில் செய்த மலிவுத் தாள் பழுப்பேறி மொறமொறவென்று ஆகிவிடும். புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் போலப் பருத்தித் துணியிலிருந்து செய்தது நெடுநாள் தாங்கும், ஆனால் அதிலும் மழைக்கால ஈரம் பழுப்புப் புள்ளிகளை வைத்துவிடலாம். ஆகவே முதல் அட்டைக்கே அந்த நல்ல தாளை வெட்டுங்கள். சுமாரான தாளில் ‘பழகிக்கொண்டு’ பிறகு நல்லதைத் தொடலாம் என்று நினைப்பவர்கள் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து அதுதான் நடக்கிறது.

கருவிகள் தாளைவிடக் கெட்டியானவை. மழுங்கிய பன்ச்சில் சமையலறை அலுமினியத் தாளை மடித்து நாலைந்து முறை குத்துங்கள். சிக்கிக்கொண்டால் மெழுகுவர்த்தி தேய்த்த தாளைக் குத்துங்கள். கட்டர் பிளேடு துருப்பிடித்திருந்தால் முனைத் துண்டை ஒடித்துவிட்டால் புது முனை வந்துவிடும். பிடித்து அச்சிடும் பிளாக்கில் ஒட்டாமல் விழும் கண்ணாடி மாதிரி ஸ்டாம்புகளைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவி, தானாகக் காயவிடுங்கள். ஒட்டும். உலர்ந்த ஸ்டாம்ப் பேடுக்கு ஸ்டேஷனரி கடையில் விற்கும் அதே நிற மையைச் சில சொட்டு விட்டுப் பாருங்கள்.

பசையில்தான் ஏமாறுவோம். பழைய ஃபெவிகால் கெட்டியாக மட்டும் ஆகியிருந்தால் சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கலாம். புளித்த வாடை அடித்தாலோ நூல் நூலாக வந்தாலோ வேண்டாம். டபுள் சைடு டேப் இன்னும் மோசம்: ஒட்டும்போது நன்றாகத்தான் இருக்கும், அடுத்த நாள் ஈரக்காற்றில் மெல்ல மூக்கைத் தூக்கும். வேண்டாத தாளில் ஒட்டி ஒரு ராத்திரி விட்டுப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பும் அட்டையில் போடாதீர்கள்.

அடி அட்டைக்குக் கெட்டித் தாள் தீர்ந்திருந்தால் கடைக்குப் போகும் முன் பக்கத்து அச்சகத்தில் “அண்ணே, கட்டிங் வேஸ்ட் ஏதாவது கிடக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். மார்கழியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் தை முகூர்த்தப் பத்திரிகைகள் அப்போதுதான் அச்சில் ஓடும். 250, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டையின் ஓரத்துண்டுகள் கிடைக்கும்.

மடிப்பதற்கு முன் தாளை இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, நார் அந்த மடிப்புக்கு இணையாக ஓடுகிறது என்று அர்த்தம். அப்படி மடித்தால் வெடிக்காது. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். பழைய பட்டைகளில் ஊதா இருந்தால் பன்னீர்க் கரும்பு செய்யலாம்: பட்டையை நிறுத்தி ஒட்டி, கணுவுக்குப் பேனாவால் கோடு, உச்சியில் பச்சைத் தோகை. வெளுத்துப்போன மஞ்சள் பட்டையை வீசிவிடாதீர்கள். சுற்றி ஒரு முனையைக் கிள்ளினால் நெல்மணி, வெளுத்த மஞ்சளில்தான் அது விளைந்த கதிர் மாதிரி இருக்கிறது.

அனுப்பும் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 300 ஜிஎஸ்எம் A4 தாள் ஒன்று கிட்டத்தட்ட 19 கிராம். முழுத் தாளையும் மடித்து அட்டை செய்தால் உறையோடு சேர்த்து 20 கிராமைத் தாண்டிவிடும், தபால்தலை கூடும். A4-ஐப் பாதியாக வெட்டி மடித்தால் அட்டை ஒன்பதரை கிராம்தான். கரும்பு, நெல், உறை எல்லாம் சேர்த்தும் 20-க்குள் நிற்கும். க்வில்லிங் தபால் கட்டுக்குள் நசுங்கும் என்பதால் அதன்மேல் ஒரு மெல்லிய அட்டைத் துண்டை வைத்து உறையை ஒட்டுங்கள். வெளியூருக்கு என்றால் மார்கழி பாதியிலேயே போட்டுவிடுங்கள், பண்டிகை நேரத்தில் தாமதமாகும்.