கிணற்றுத் தண்ணீரில் ஆசனிக்கா, ஈயமா? பற்றீரியாவிடம் கேட்கலாம்

நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். தண்ணீரில் உள்ள பார உலோகங்களைப் பற்றீரியாவை வைத்துக் கண்டுபிடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

பரந்தனிலிருந்து: அண்ணை, ஆசனிக் இருக்கிறதென்று கிருமிக்கு எப்படித் தெரியும்?

தம்பி, அதற்கும் ஆசனிக் நஞ்சுதான். உள்ளே வந்ததை வெளியே தள்ள ஒரு பம்பு வைத்திருக்கிறது. தேவையில்லாத நேரத்தில் அந்தப் பம்பைச் செய்து சக்தியை வீணாக்காது. ஆர்ஸ்ஆர் என்ற புரதம் பம்பின் மரபணுவை மறித்துக்கொண்டு குந்தியிருக்கும். ஆசனிக் வந்து ஒட்டினால் எழும்பி வழிவிடும். ஆய்வாளர்கள் அந்த இடத்தில் கடல் பற்றீரியா ஒன்றின் ஒளிரும் மரபணுவைக் கோத்துவிட்டார்கள். ஆசனிக் கூடினால் வெளிச்சமும் கூடும், ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் அளக்கலாம். பாதரசத்துக்கு மெர்ஆர் என்று வேறு புரதம் இருக்கிறது.

துணுக்காயிலிருந்து: இதை நம்பலாமா?

அக்கா, உலக சுகாதார நிறுவனத்தின் ஆசனிக் எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். 10,000 லீற்றர் பவுசர் பத்தில் ஒரேயொரு கிராம் என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவு சிறியதையும் இது பிடிக்கும். வியட்நாமில் 194 நிலத்தடி நீர் மாதிரிகளில் பரிசோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லையைத் தாண்டிய சிலதைத் தவறவிட்டது, ஆனால் பெரும்பாலும் சரியாகச் சொன்னது.

எனக்குப் பயம் வெளிச்சம் வராத போத்தலில்தான். வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் போட்ட கிணற்றுத் தண்ணீரை விட்டால் பற்றீரியாவே செத்துவிடும். ஒளி வராது, நாங்கள் சுத்தமென்று நம்பிவிடுவோம். அதனால் எப்போதும் ஒளிரும் இன்னொரு பற்றீரியாவையும் அதே தண்ணீரில் விட்டுப் பார்க்கவேண்டும். அதுவும் அணைந்தால் முடிவு செல்லாது. இதைச் செய்யாமல் யாராவது "ஒன்றுமில்லை" என்றால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

முத்தையன்கட்டிலிருந்து: வயல் உரத்தில் கட்மியம் இருக்காமே, அதையும் காட்டுமா?

காட்டும். பொசுபேற்று உரங்களில் கட்மியம் கலந்து வருவதுண்டு. ஆனால் கட்மியத்துக்கு ஒளிரும் சில பற்றீரியாக்கள் நாகம் (துத்தநாகம்) என்ற உலோகத்துக்கும் ஒளிரும். நாகம் பூசிய வாளியால் அள்ளிய தண்ணீர் வீண் பதற்றத்தைத் தரும். சுத்தமான பிளாஸ்டிக் போத்தலில் எடுங்கள்.

வவுனியாவிலிருந்து: எங்கள் பக்கம் சிறுநீரக நோய் கூட. இந்தப் பரிசோதனை போதுமா ஐயா?

போதாது, தங்கச்சி. அந்த நோயின் காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. சந்தேகப்படுகிறவற்றில் புளோரைட்டும் தண்ணீரின் கடினத்தன்மையும் உண்டு. உலோகத்துக்கான பற்றீரியா அவற்றைச் சொல்லாது. இது நூறு கிணறுகளில் எதை முதலில் பார்ப்பதென்று பிரிக்க உதவும். பிடிபட்ட கிணற்றை ஆய்வுகூடக் கருவியால் உறுதிப்படுத்தவேண்டும்.

மாங்குளத்திலிருந்து: கொதிக்க வைத்தால் உலோகம் போகுமா?

போகாது. நீர் ஆவியாகும், உலோகம் பானையிலேயே நிற்கும். வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.