எந்தப் பறவை கூவுகிறது? கேள்வி பதில்

கேள்வி (மதுரை): உச்சி வெயிலில் 'டுங் டுங்' என்று நிற்காமல் தட்டும் சத்தம். மரங்கொத்தியா?

பதில்: இல்லை, செம்மார்புக் குக்குறுவான். மரங்கொத்தி தட்டினால் தடதடவென்று நொடிகளில் முடிந்துவிடும். இது தொண்டையிலிருந்து வருகிறது; ஒரே சுருதி, ஒரே இடைவெளி, நிமிடக்கணக்கில் ஓடும். கன்னார் செம்புப் பாத்திரம் தட்டுவது போலவே இருக்கும். ஆலமரத்தின் பட்டுப்போன உச்சிக் கிளையைப் பாருங்கள். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பறவை. கூவும்போது அலகு மூடியே இருக்கும். ஒவ்வொரு 'டுங்'குக்கும் தொண்டையின் இருபுறமும் தோல் புடைத்து அடங்கும். தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுவதால் சத்தம் இடம் மாறுவதாகத் தோன்றும். அதை நம்பி மரத்துக்கு மரம் ஓடாதீர்கள்.

கேள்வி (திருச்சி): விடியுமுன்பே 'கூஊ, கூஊ' என்று குரல் ஏறிக்கொண்டே போகிறது. தூக்கமே போச்சு.

பதில்: ஆண் குயில். முட்டையிடும் காலம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புள்ளி போட்ட பெண் இப்படிக் கூவாது, 'கிக்-கிக்-கிக்' என்று கத்தும்.

கேள்வி (சேலம்): இங்கேயும் ராத்திரியில் ஏறிக்கொண்டே போகும் ஒரு குரல். குயில்தானே?

பதில்: மும்மூன்று அசையாக ஏறினால் அக்காக்குயில். இல்லையென்றால் திருச்சிக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (கரூர்): குயிலின் குரலைப் போனில் போட்டால் பக்கத்தில் வருமா?

பதில்: வரும். அதனால்தான் போடாதீர்கள் என்கிறேன். எந்தப் பறவையானாலும் எதிரி தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டான் என்று இரையையும், குஞ்சு இருந்தால் அதையும் விட்டுவிட்டு வரக்கூடும்.

கேள்வி (வால்பாறை): பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி வல்லூறு என்றது. மரத்தில் இருந்ததோ துடுப்புவால் கரிச்சான். செயலி தப்பா?

பதில்: செயலி தப்பில்லை, கரிச்சான் வல்லூறு மாதிரிக் கத்தியிருக்கும். மிமிக்ரியில் அது பெரிய கை. செயலி ஒலியைப் படமாக்கிப் பார்க்கிறது. யார் வாயிலிருந்து வந்தது என்பது அந்தப் படத்தில் இருக்காது. அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். வல்லூறு வல்லூறாகவே கத்தும். கரிச்சான் அடுத்து வேறொரு பறவைக்குத் தாவும், அப்புறம் தன் சொந்தக் கணீர்க் குரலுக்கு வரும். செயலி சொன்னதை மட்டும் வைத்து, பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் பதியாதீர்கள்.

குறுக்கிட்டவர் (பொள்ளாச்சி): மற்றப் பறவைகளை விரட்டி இரையைப் பிடுங்கத்தானே அப்படிக் கத்துகிறது?

பதில்: நீங்கள் சொல்வது ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் உள்ள கரிச்சானின் வேலை, அது வேறு இனம். பொய் எச்சரிக்கை கொடுத்து, கீரி வகையான மீர்கட் விட்டுவிட்டு ஓடும் இரையை எடுத்துக்கொள்ளும். இலங்கையின் சிங்கராஜக் காட்டில், துடுப்புவால் என்றே அப்போது கருதப்பட்ட கரிச்சானை ஆராய்ந்தபோது தெரிந்தது வேறு: ஆபத்து வந்தால் வேட்டைப் பறவைகளின் குரலையும் மற்றவற்றின் எச்சரிக்கைக் குரலையும் எடுக்கிறது, அமைதியான நேரத்தில் தன்னோடு கூட்டமாக இரைதேடும் பறவைகளின் சாதாரணக் குரலை எடுக்கிறது. சமயம் பார்த்துத்தான் கத்துகிறது.

பொள்ளாச்சி: அப்படியென்றாலும் ஏமாற்றுதானே?

பதில்: வழக்கை நீங்களே நடத்துங்கள். அடுத்தவர்.

கேள்வி (நாமக்கல்): காலையில் 'கூஊ, கூஊ'...

பதில்: குயில்.

கேள்வி (தஞ்சாவூர்): இரவில் வீட்டோரம் இரண்டு மூன்று சேர்ந்து கிறீச்சிடுகின்றன. கெட்ட சகுனமா?

பதில்: புள்ளி ஆந்தையாக இருக்கும். பூச்சியும் எலியும் தின்னும். சகுனத்துக்கு ஜோசியரைக் கேளுங்கள். போனில் அதன் குரலைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன்.