"உனக்குப் புரியாதும்மா"

கேள்வி: மாவட்ட நூலகத்தில் பொதுமக்களுக்காக, சர்க்கரை நோய்க்கான உணவு பற்றி அரை மணி நேரம் பேசினேன். 42 ஸ்லைடு. பாதியிலேயே பலர் போனை எடுத்துவிட்டார்கள். முதல் நாள் இரவு அம்மா (12 வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்) "நாளைக்கு என்னடி பேசப்போற?" என்று கேட்டார். டென்ஷனில் "அது உனக்குப் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி அழைத்திருக்கிறார்கள். என்ன டெம்ப்ளேட், என்ன நிறம் போட்டால் கவனிப்பார்கள்?
- உணவியல் ஆலோசகர், விருதுநகர்

பதில்: நிறம் கிடக்கட்டும். அன்றைக்கு அந்த ஹாலில் வந்து உட்கார்ந்தவர்கள் யார்? மாத்திரை டப்பாவைப் பையில் வைத்திருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும்தானே? அவர்களுக்குப் புரியாது என்பதை முதல் நாள் இரவே உங்கள் வாயால் சொல்லிவிட்டீர்கள். அப்புறம் போனை எடுத்தார்கள் என்று என்ன வருத்தம்?

எனக்குக் கோபம்தான். வீட்டிலேயே ஒரு நோயாளி இருக்க, அவருக்குச் சொல்லாத விஷயத்தை ஊருக்குச் சொல்லக் கிளம்புவது எந்த ஊர் நியாயம்?

இன்றைக்கு லேப்டாப்பை மூடிவிட்டு அம்மா பக்கத்தில் உட்காருங்கள். பேசப்போவதைப் பத்து நிமிடத்தில் சொல்லுங்கள். "அப்போ ராத்திரி எத்தனை இட்லிடி?" என்று கேட்பார். அதுதான் உங்கள் ஸ்லைடு. கிளைசெமிக் இண்டெக்ஸ் (எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்ற கணக்கு) அட்டவணை வேண்டாம். உங்கள் வீட்டுத் தட்டில் பாதிக்குக் காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ வைத்து, மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துத் திரை முழுக்கப் போடுங்கள். அரை மணிக்கு 42 என்றால் ஒன்றுக்கு முக்கால் நிமிடம்கூட இல்லை, பத்து போதும்.

முக்கியமானதை அடியில் புதைக்காதீர்கள். 2003-ல் கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்த கொலம்பியா விண்கலம் நினைவிருக்கிறதா? அது வானில் இருக்கும்போதே, இறக்கையில் மோதிய நுரைத்துண்டு (விபத்துக்குக் காரணமே அதுதான்) பற்றிப் பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். முன்பு மோதவிட்டுச் சோதித்த துண்டுகளைவிட அந்தத் துண்டு பல நூறு மடங்கு பெரியது என்ற விஷயம், ஒரு ஸ்லைடின் கடைசி வரியில் கிடந்தது. விசாரணை அறிக்கை அந்த ஸ்லைடையே எடுத்துப்போட்டுக் குறை சொன்னது. உங்களுடையதில் "மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்" எத்தனையாவது வரி?

எழுத்து 30 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. மெல்லிய ஃபாண்டில் 'ன'வும் 'ண'வும் தூரத்தில் ஒன்றாகிவிடும். லேப்டாப்பைக் கூடத்து மூலையில் வைத்து, எதிர் மூலையிலிருந்து அம்மாவைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கண்ணைச் சுருக்கினால் அந்த ஸ்லைடு தேறாது. பிடிஎஃப் பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும். நூலகத்துக் கணினியில் உங்கள் தமிழ் ஃபாண்ட் இல்லாவிட்டால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வரும்.

நிறமா? வெள்ளையில் கறுப்பு. சரி, முடிந்தது.

அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிப்போய்க் கடைசி வரிசையில் உட்காரவையுங்கள். கூட்டம் நீண்டுவிட்டால் அவருக்குச் சாப்பாட்டு நேரம் தவறும். மாத்திரையோடு டிபன் பாக்ஸையும் எடுத்துவைக்க மறக்காதீர்கள்.