கருவண்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: வண்டன்மேடு பக்கம் எங்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம். பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறேன். பம்பிள்பீ என்ற பெரிய தேனீக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து, அவற்றைக் காப்பாற்றும் வேலையில் சேர ஆசை. எங்கள் கொட்டகை மூங்கிலில் துளை போடும் பெரிய கருப்பு வண்டு பம்பிள்பீதானா? "தேனீ பின்னால அலைஞ்சா சோறு கிடைக்குமா?" என்கிறார் அப்பா.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

மூங்கிலில் துளை போடுவது கருவண்டு. பெயரில்தான் வண்டு, அதுவும் ஒரு தேனீ வகைதான்; ஆனால் பம்பிள்பீ இல்லை. பூவில் உட்காரும்போது உற்றுப் பாருங்கள். வயிற்றின் மேல்புறம் மொட்டையாகப் பளபளக்கும், இறக்கையில் நீலம் மின்னும். பம்பிள்பீக்கு வயிறு வரைக்கும் அடர்ந்த ரோமம். அது குளிருக்குப் பழகிய பிராணி. பறக்கும் தசைகளை நடுங்கவைத்தே உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். நம் நாட்டில் இமயமலைப் பக்கம் உண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில் கிடையாது. சிக்கிமில் பெரிய ஏலக்காய்க்கு மகரந்தம் சேர்ப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு.

அதனால் மனம் தளர வேண்டாம். அமெரிக்காவில் ராபின் தார்ப் என்ற பூச்சியியலாளர், ஃபிராங்க்ளின் பம்பிள்பீ என்ற இனத்தை ஓரிகன், கலிஃபோர்னியா எல்லை மலைகளில் வருடாவருடம் தேடிப்போய் எண்ணினார். எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. 2006-ல் ஒன்றே ஒன்றைப் பார்த்தார், அப்புறம் அது கண்ணில் படவேயில்லை. அவர் விடாமல் எண்ணியதால்தான் அது மறைந்துபோவது உலகத்துக்குத் தெரிந்தது. 2021-ல் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது.

இந்த எண்ணும் வேலையை நீங்கள் உங்கள் தோட்டத்திலேயே பழகலாம். ஏலப்பூ விடியற்காலையில் விரிந்து ஒரே நாளில் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்தால்தான் காய். ஒரு சரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, ஊதாக் கோடு போட்ட அந்த வெள்ளை இதழில் வந்து இறங்குவது அடுக்குத்தேனீயா, மலைத்தேனீயா, கொசுத்தேனீயா, எத்தனை தடவை, மணி என்ன, மழையா வெயிலா என்று எழுதுங்கள். மருந்தடித்த மறுநாளும் அதே இடத்தில் உட்காருங்கள். காலையில்தான் தேனீ நடமாட்டம் அதிகம் என்பதை உங்கள் கணக்கே காட்டும். அதை வைத்து, மருந்தடிப்பைப் பிற்பகலுக்குத் தள்ளும்படி அப்பாவிடம் பேசுங்கள். மகசூல் பேச்சு என்றால் அவர் காது கொடுத்துக் கேட்பார்.

சரி, சோற்றுக் கேள்வி. எம்.எஸ்சி. முடித்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். ஆனால் நிரந்தர வேலை கிடைக்க வருடங்கள் ஆகலாம்; அதை அப்பாவிடம் மறைக்காதீர்கள். திருவனந்தபுரத்தில் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் தேனீ ஆய்வுக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், பெங்களூரில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இரண்டுக்கும் எழுதிக் கேளுங்கள். இமயமலைக்கு அங்கிருந்து வழி பிறக்கும்.

புள்ளியியலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். விலங்கியல் படித்த பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள். உங்கள் கல்லூரியில் அதற்கு ஓர் ஆசிரியர் இருந்தால், இந்த வருடமே அவர் வகுப்பில் போய் உட்காருங்கள்.