கருங்கடல்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: சார், அமெரிக்கா ஏன் ஒரு விமானந்தாங்கிக் கப்பலைக் கருங்கடலுக்குள் அனுப்பவில்லை?

பதில்: துருக்கி நீரிணைகளில் கப்பல் போக்குவரத்துக்கு விதி வகுக்கும் 1936 மான்ட்ரூ உடன்படிக்கைதான் காரணம். கடல் வழியாக உள்ளே போக வாசல் துருக்கியின் கையில் இருக்கிறது. கருங்கடலுக்குள் நுழையும் பாஸ்பரஸ் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் 700 மீட்டர்தான். கரையோர நாடுகள் அல்லாதவர்களின் போர்க்கப்பல்கள் ஒரே சமயத்தில் கடப்பது மொத்தம் 15,000 டன்னைத் தாண்டக்கூடாது, 21 நாளுக்கு மேல் தங்கவும் கூடாது. அமெரிக்க விமானந்தாங்கி ஒன்றே ஒரு லட்சம் டன் வரும்.

கேள்வி: ரஷ்யாவுக்கு அவ்வளவு பெரிய கடற்படை இருந்தும் ஏன் பின்வாங்கியது?

பதில்: இந்த உக்ரைன் போர் கற்றுக்கொடுத்த முக்கியமான பாடமே இதுதான். உக்ரைனிடம் சொல்லிக்கொள்ளும்படி பெரிய கப்பலே கிடையாது. ஆனால் கரையிலிருந்து ஏவுகணை, கடலில் ஆளில்லாப் படகு என்று அடித்தார்கள். ஏப்ரல் 2022ல் ரஷ்யக் கருங்கடல் கடற்படையின் தலைமைக் கப்பல் மாஸ்க்வா மூழ்கியது, ஜூன் கடைசியில் ரஷ்யர்கள் தாங்கள் பிடித்திருந்த உக்ரைனின் பாம்புத் தீவை விட்டுப் போனார்கள், அப்புறம் கிரைமியாவின் செவஸ்தபோல் தளத்தில் இருந்த கப்பல்களில் பெரும்பகுதி கிழக்கே ரஷ்யத் துறைமுகமான நோவோரோசிஸ்க் பக்கம் நகர்ந்தது. போன கப்பலுக்குப் பதில் வேறு கடலிலிருந்து கொண்டுவரவும் முடியவில்லை, பிப்ரவரி 2022லேயே துருக்கி போர்க்கப்பல்களுக்கு வாசலை மூடிவிட்டது. உக்ரைன் தானியத்தைக் கடல்வழியே அனுப்ப விட்ட ஒப்பந்தத்திலிருந்து ஜூலை 2023ல் ரஷ்யா விலகிய பிறகும், உக்ரைனின் ஒடேசா துறைமுகக் கப்பல்கள் ருமேனியா, பல்கேரியா கரையை ஒட்டிப் போய்வர முடிவது இதனால்தான்.

கேள்வி: விமானந்தாங்கி ஏன் போகவில்லை?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இனி இது நேட்டோ ஏரிதானே?

பதில்: தயவுசெய்து வரைபடத்தில் வண்ணம் பூசி முடிவுக்கு வராதீர்கள். ஆறு கரையோர நாடுகளில் மூன்று (துருக்கி, ருமேனியா, பல்கேரியா) நேட்டோவில் இருக்கின்றன, சரி. ஆனால் துருக்கி ரஷ்யா மீதான தடைகளில் சேரவில்லை, வெளிக் கடற்படைகள் உள்ளே வருவதையும் விரும்புவதில்லை.

கேள்வி: பாஸ்பரஸுக்குப் பக்கத்தில் துருக்கி திட்டமிடும் இஸ்தான்புல் கால்வாயை வெட்டிவிட்டால் மான்ட்ரூ செல்லாதே?

பதில்: செல்லும். கால்வாய் பாஸ்பரஸுக்கு மட்டும்தான் மாற்று. ஏஜியன் கடலிலிருந்து வரும் கப்பல் டார்டனெல்ஸ் நீரிணையைத் தாண்டித்தானே, பாஸ்பரஸுக்கு முன்னால் இருக்கும் மர்மாரா கடலுக்குள் வர வேண்டும்? அதுவும் இதே உடன்படிக்கைக்குள்தான்.

கேள்வி: இல்லை சார், கால்வாய் துருக்கியின் சொந்த வழி. அங்கே யார் கேட்பது?

பதில்: 21 நாள் கணக்கு கருங்கடலில் தங்குவதற்கு, எந்த வழியாக வந்தீர்கள் என்பதற்கல்ல. கருங்கடலுக்குள் இருக்கும் வெளிப் போர்க்கப்பல்களுக்குத் தனியாக உள்ள மொத்த டன் உச்சவரம்பும் அப்படித்தான். உடன்படிக்கையை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள், நிச்சயம் பேசுவோம்.

கேள்வி: காஸ்பியனிலும் இதே விதியா?

பதில்: இல்லை, அதற்கு 2018 அக்டாவ் ஒப்பந்தம் தனி. என் துறை அல்ல.

கேள்வி: போர் நின்றால் கடல் பழையபடி ஆகுமா?

பதில்: உடனே ஆகாது. மிதக்கும் கண்ணிவெடிகள் சரக்குக் கப்பலா போர்க்கப்பலா என்று பார்ப்பதில்லை. அவற்றை அகற்றத்தான் ஜனவரி 2024ல் துருக்கி, ருமேனியா, பல்கேரியா மூன்றும் கூட்டுக் குழு அமைக்கக் கையெழுத்திட்டன. கருங்கடல் செய்தி படிக்கும்போது இந்தக் குழுவைக் கவனியுங்கள், மாலுமிகளின் உயிர் அதில்தான் இருக்கிறது.