உயரம்தான் காரணமா?

கேள்வி: கையால பந்தை எறிஞ்சு கோல் போடற ஹேண்ட்பால் இருக்கே, ஒலிம்பிக்ஸ்ல அந்தப் பெண்கள் ஆட்டத்துல நார்வே, டென்மார்க், ஃபிரான்ஸ்னு ஐரோப்பாக்காரங்களேதான் ஜெயிக்கிறாங்க. உயரமும் உடம்பும் கேக்கற ஆட்டத்தை ஆசியப் பொண்ணுங்க எதுக்கு ஆடி நேரத்தை வீணாக்கணும்?

பதில்: இந்த உயரக் கதையை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லப் போறோம்? 1988 சியோல்ல தங்கம் வாங்கினது தென் கொரியா, அதுவும் 1976லயும் 80லயும் தங்கம் தட்டின சோவியத் யூனியனை 21-19ன்னு சாய்ச்சுட்டு. 1992 பார்சிலோனா ஃபைனல்ல நீங்க சொல்ற அதே நார்வேயைத் தோக்கடிச்சு மறுபடியும் தங்கம். 84, 96, 2004ல வெள்ளி, 2008ல வெண்கலம். இதெல்லாம் நேரத்தை வீணாக்கினவங்க கணக்கா?

உயரமா இருந்தா தூரத்துலேர்ந்தே டிஃபென்ஸ் தலைக்கு மேல எறியலாம், அது நிஜம்தான். ஆனா கோலுக்கு முன்னாடி இருக்கற ஆறு மீட்டர் கோட்டுக்குள்ள காலை வைக்கத்தான் கூடாது, காத்துல பாஞ்சு உள்ள போகலாம், கால் தரையில படறதுக்குள்ள பந்து கையை விட்டுப் போயிருக்கணும், அவ்வளவுதான் ரூல். கொரியாக்காரங்க அந்த இடைவெளியிலதான் ஆடினாங்க. ஓரத்துல விங்லேர்ந்து எம்பி, கோல் பாதிகூட தெரியாத கோணத்துலேர்ந்து, கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாயறாங்கன்னு பாத்துட்டு கடைசி நொடியில மணிக்கட்டைத் திருப்பி விடுவாங்க பாருங்க, அதுக்கு எதுக்குங்க ஆறடி?

2004 ஏதென்ஸ் ஃபைனலை எங்கயாவது கிடைச்சா உக்காந்து முழுசா பாருங்க. எதிர்ல ரெண்டு தடவை தொடர்ந்து தங்கம் வாங்கின டென்மார்க். 60 நிமிஷம் முடிஞ்சா 25-25, எக்ஸ்ட்ரா டைம் முடிஞ்சும் சமம், இன்னொரு எக்ஸ்ட்ரா டைம், 34-34. மொத்தம் 80 நிமிஷம் ஓடிட்டு கடைசியில கோல்கீப்பரை மட்டும் எதிர்ல வச்சு எறியற ஏழு மீட்டர் த்ரோவுல 4-2ன்னு டென்மார்க் கைக்குப் போச்சு. அந்தக் கொரியா டீம்ல 92ல தங்கம் வாங்கின ஓ சோங்-ஓக், இம் ஓ-கியோங் ரெண்டு பேரும் இருந்தாங்க, பன்னெண்டு வருஷம் கழிச்சும் இவங்களைத்தான் நம்ப வேண்டியிருந்துச்சு. ஓ சோங்-ஓக் அதுக்கப்புறம் 2008லயும் ஆடினார், அஞ்சாவது ஒலிம்பிக்ஸ்! அந்த வருஷம் செமிஃபைனல்ல 28-28ன்னு இருந்தப்ப நார்வே கடைசி நொடியில போட்ட கோல் நேரம் முடிஞ்சப்புறம்தான் உள்ள போச்சுன்னு கொரியா புகார் கொடுத்தது, எடுபடல.

சரி, இப்ப ஏன் இறங்கிட்டாங்க? உயரம் 88லயும் அதேதான், இப்பவும் அதேதான். ஏதென்ஸ்ல வெள்ளி வாங்கினப்பவே கொரியாவுல பெண்கள் ஹேண்ட்பால் டீம்களை விரல் விட்டு எண்ணிடலாம். நார்வேயிலயும் டென்மார்க்லயும் ஊருக்கு ஊர் கிளப், சின்னப் பொண்ணுங்கள்லேர்ந்தே ஆள் வந்துட்டே இருக்கு. கொரியாவுல ஒலிம்பிக்ஸ் நேரத்துல கண்ணு கலங்கறதுக்கு நாடே இருக்கு, மத்த நாள்ல கேலரி காலி. எனக்குக் கோபம் அதுலதான். 2024 பாரிஸுக்குக் கொரியாவுலேர்ந்து தகுதி வாங்கிப் போன ஒரே பந்து விளையாட்டு டீம் இந்தப் பொண்ணுங்கதான். முதல் மேட்ச்லயே ஜெர்மனியை 23-22ன்னு ஜெயிச்சாங்க, மத்த நாலும் தோல்வி.

அதுக்கு முந்தின வருஷம் ஹாங்சோ ஏசியன் கேம்ஸ் ஃபைனல்ல இதே கொரியா 29-19ன்னு பத்து கோல் வித்தியாசத்துல தோத்துச்சு. ஜெயிச்சது ஜப்பான். அந்தப் பத்து கோலும் உயரத்துலயா வந்துச்சு, நீங்களே சொல்லுங்க.