புழுதி விதைப்புக்கு முன் உரக் கணக்கு: கேள்வி பதில்

திருவாடானைப் பக்கம் எனக்கு நாலு ஏக்கர், வானம் பார்த்த பூமி. கூட்டுறவு சங்கத்தில் இருபது வருடம் உர ரசீது எழுதியிருக்கிறேன். ஆவணி பிறந்துவிட்டது, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கிற புழுதி விதைப்பு நெருங்குகிறது. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூணு ஏக்கர் நெல், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். நகையை அடகு வைத்துத்தான் உரம் வாங்கணும் அண்ணே. எல்லாவற்றையும் இப்பவே வாங்கவா, மழையைப் பார்த்து வாங்கவா? மழை விழுந்த பிறகு போனால் யூரியா இருப்பு இல்லை என்கிறார்கள்.

தங்கச்சி, வாங்குவது வேறு, போடுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் நம் பக்கம் காசு வீணாகிறது.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். மானாவாரி நேரடி விதைப்பு நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்குத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து 50:25:25 கிலோ. ஏக்கருக்குச் சுமார் 20:10:10. டிஏபி உரத்தில் 46 சதம் மணிச்சத்து, 18 சதம் தழைச்சத்து. ஏக்கருக்கு 22 கிலோ டிஏபி போட்டாலே மணிச்சத்து சரியாகிவிடும், தழைச்சத்திலும் 4 கிலோ வந்துவிடும். மீதித் தழைச்சத்துக்கு 35 கிலோ யூரியா போதும். 45 கிலோ மூட்டையில் ஒன்றுகூட முழுதாகத் தீராது! மூணு ஏக்கருக்கும் சேர்த்து மூணு மூட்டை யூரியா வாங்கினால் மிச்சமே இருக்கும். சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் ஒரு மூட்டை.

யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மூணு மூட்டை 800 ரூபாய். அதை இப்பவே வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள், பிறகு அலைய வேண்டாம். டிஏபிதான் மூட்டை 1,350 ரூபாய். உங்களுக்குத் தேவை 66 கிலோ, ஒன்றேகால் மூட்டைக்குச் சற்று மேல். பக்கத்து நிலத்துக்காரரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அதை அடியுரமாகப் போட்டு மழை பொய்த்தாலும் மணிச்சத்து மண்ணைவிட்டு ஓடாது, அடுத்த வருடப் பயிருக்கும் கொஞ்சம் உதவும். யூரியா அப்படி இல்லை. அரைகுறை ஈரத்தில் மண்மேலேயே கிடந்தால் காற்றோடு போகும், பெருமழை பிடித்தால் தண்ணீரோடு போகும். அதனால் மூட்டையைப் பிரிக்க அவசரம் வேண்டாம்.

வைக்கிற நகையைச் சின்னதாக வையுங்கள்.

யூரியாவை எந்த நாள் போடுவது? எங்கள் ஊரில் ஒருவர் போட்டால் எல்லோரும் போடுகிறார்கள்.

முளைத்து 20, 25 நாளில் ஒரு பாதி, 40, 45 நாளில் மறுபாதி என்பது கணக்கு. ஆனால் நாளை முடிவு செய்வது ஈரம்தான். காலில் மண் ஒட்ட வேண்டும், களை எடுத்திருக்க வேண்டும், வானம் கனமாக மூடியிருக்கக் கூடாது. இந்த மூன்றும் கூடிய அன்று போடுங்கள். புயல் சின்னம் என்று செய்தி வந்தால் இரண்டு நாள் பொறுங்கள். ஐப்பசியில் கொட்டிவிட்டுக் கார்த்திகையில் வானம் கைவிரித்தால் இரண்டாவது தவணையே வேண்டாம். அதை விடுவது சோம்பல் இல்லை, சரியான முடிவு. பயிர் வாடுகிற நேரத்தில் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் பொட்டாஷ் கரைத்துத் தெளித்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

பக்கத்து வயலில் வருடா வருடம் ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா. பயிர் கருகருவென்று நிற்கும். எனக்கு மனசு கேட்கவில்லை.

தம்பி, அந்தக் கருப்பு இலையில்தான் இருக்கிறது, கதிரில் இல்லை. இலை பெருத்தால் தண்ணீர்த் தேவையும் பெருகும். நமக்குக் கண்மாய் நிறைந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பதினைந்து நாள் மழை இல்லாவிட்டால் முதலில் சுருள்வது அந்தப் பயிர்தான். புழுவும் நோயும் அங்கேதான் முதலில் இறங்கும். முண்டு மிளகாய் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: யூரியா கூடினால் செடி தளதளவென்று வரும், பூ நிற்காது, சாறு உறிஞ்சும் பூச்சி சேரும்.

தேவிபட்டினம் பக்கம், கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். எவ்வளவு உரம் போட்டாலும் பயிர் நுனி கருகுகிறது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள் ஐயா. உப்பு மிகுந்த உவர் வேறு, சோடியம் மிகுந்து இறுகுகிற களர் வேறு. கோடையில் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தால் அது பெரும்பாலும் உவர். நல்ல தண்ணீரை வயலில் தேக்கி வடித்தால்தான் அது கழியும், ஜிப்சம் வேலை செய்யாது. மண் இறுகி, மழைத்தண்ணீர் இறங்காமல் கலங்கியே நின்றால் களராக இருக்கலாம். ஜிப்சம் அதற்குத்தான். சில நிலத்தில் இரண்டும் கலந்திருக்கும், கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. வரப்போரம், மரத்தடி, குப்பை கொட்டிய இடம் தவிர்த்துப் பத்து இடத்தில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, கலந்து, அரை கிலோவை மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை உரத்தைக் கூட்டாதீர்கள். உரமும் ஒரு உப்புதானே. வரப்பை உயர்த்தி முதல் மழையைத் தேக்கி வடிப்பதை இந்த வருடமே செய்யலாம். களர் என்று முடிவு வந்தால், அதைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரக விதை கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்து ஆட்டுக்கிடை போட்டால் மூட்டை உரம் வேண்டாமா?

குறைக்கலாம், முழுதாக விட வேண்டாம். கிடை பெயர்ந்ததும் உழுதுவிடுங்கள். வெயிலில் கிடந்தால் மூத்திரத்தின் சத்தில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். கோமணத் துண்டு நிலமென்றாலும் இரண்டு ராத்திரி ஆடு படுத்த இடம் தனியாகத் தெரியும்.

நிலம் ஒரு வருடக் குத்தகை. கண்மாய் வண்டல் மண்ணை வயலில் அடிக்கச் சொல்கிறார்கள், அடுத்த வருடம் வேறு ஆள் உழுதால்?

நியாயமான கேள்வி. வண்டலின் பலன் மூணு, நாலு வருடம் பேசும், உங்கள் கையில் இருப்பதோ ஒரு வருடம். அதனால்தான் குத்தகைக்காரர்கள் யூரியாவையே நம்புகிறார்கள், அதில் தப்பில்லை. நிலக்காரரிடம் போய், "டிராக்டர் வாடகையில் பாதி நீங்கள் கொடுங்கள், இல்லை மூணு வருடம் எனக்கே விடுங்கள்" என்று கேளுங்கள். கண்மாயில் மண் எடுக்க அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கடலோரக் கண்மாய் மண்ணில் உப்பு இருக்கலாம், அதையும் சோதித்துவிடுங்கள்.

யூரியா கேட்டால் வேண்டாத ஒரு மருந்தையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள்.

எனக்கும் ஒரு கடையில் நடந்தது. மூட்டையில் அச்சடித்த விலைக்கு மேல் கொடுக்காதீர்கள், ரசீது கேளுங்கள், வேளாண்மைத் துறை அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். நாலு பேராகப் போனால் கடைக்காரர் பேச்சு மாறும்.

போன வருடம் மழை பொய்த்து இரண்டு மூட்டை யூரியா மிச்சம். இந்த வருடம் ஆகுமா?

ஆகும் தம்பி. நனையாமல் இருந்தால் யூரியாவின் சத்து போகாது, கட்டியாகியிருந்தால் உடைத்துப் போடுங்கள். நம் பக்கம் கடல் காற்று ஈரமானது, அதனால் தரையில் வைக்காமல் பலகை போட்டு அடுக்குங்கள். பிரித்த மூட்டையை பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.